தனித்தனிக் கூண்டில் வைத்தும் முயல் குட்டி போட்டுவிட்டதா? முதல் ஒரு மணி நேரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை

ஆணையும் பெண்ணையும் வேறு வேறு கூண்டில் வைத்திருக்கிறீர்கள். காலையில் பார்த்தால் பெண் முயலின் கூண்டு மூலையில் உரோமக் குவியல், அதற்குள் ஏதோ நெளிகிறது. இது எப்படி நடந்தது என்ற கேள்விதான் முதலில் வரும். அதைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள். பதில் கட்டாயம் கிடைக்கும். பெரும்பாலும் ஒரு தேதியோடு கிடைக்கும். அதற்கு முன் இரண்டு வேலைகளுக்கு நிமிடக் கணக்கில் அவசரம் இருக்கிறது: ஆணைத் தூரமாக வைப்பது, குட்டிகளைக் குளிரவிடாமல் காப்பது.

முதல் வேலை: ஆணை வேறு அறைக்கு மாற்றுங்கள்

குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி சினைப்படும். மாடு, ஆடு போல முயலுக்குப் பருவச் சுழற்சி கிடையாது. இனச்சேர்க்கைதான் கருமுட்டையை வெளிவரத் தூண்டுகிறது. சேர்க்கை நடந்து 10 முதல் 13 மணி நேரத்தில் முட்டை வெளியாகிறது. அதனால் ‘இப்போதுதானே ஈன்றது, இப்போது சேராது’ என்ற கணக்கு முயலிடம் எடுபடாது. பிரசவ நாளிலேயே ஆண் அருகில் போய்விட்டால், அடுத்த 31ஆம் நாள் இரண்டாவது ஈற்று வந்து நிற்கும். முதல் ஈற்று தற்செயலாக வந்துவிட்டது. இரண்டாவதைத் தடுப்பது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.

ஆண் எது என்று தெரியாவிட்டால், அதாவது ‘இரண்டும் பெண்’ என்று நம்பி வளர்த்திருந்தால், தாயைத் தவிர மற்ற எல்லா முயலையும் வெளியே எடுத்துவிடுங்கள். யார் ஆண் என்பதைப் பிறகு பார்க்கலாம். கருத்தடை செய்த ஆணாக இருந்தாலும் அறுவை முடிந்து 6 வாரம் ஆகவில்லை என்றால் அதையும் பிரித்துவிடுங்கள். விதை நீக்கிய பிறகும் குழாய்களில் தங்கியிருக்கும் விந்தணுக்களால் 4 முதல் 6 வாரம் வரை கரு தரிக்க வைக்க முடியும்.

ஓர் அறைக்கு இந்தக் கோடியும் அந்தக் கோடியும் என்று வைப்பது போதாது. கதவு மூடிய வேறு அறை வேண்டும்.

இரண்டாவது வேலை: கூட்டைப் பிரித்து எண்ணுங்கள்

மனிதக் கை பட்டால் தாய் குட்டிகளை ஒதுக்கிவிடும் என்ற பயம் நிறையப் பேரிடம் இருக்கிறது. வளர்ப்பு முயலிடம் அப்படி நடப்பதில்லை. தொட அஞ்சி, கூட்டுக்குள் இறந்து கிடக்கும் ஒரு குட்டியைக் கவனிக்காமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து. கையைக் கழுவி, தாய் படுத்திருந்த புல்லில் தேய்த்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அந்த நேரம் தாய்க்கு முன்னால் பிடித்த தீவனத்தை வைத்து வேறு பக்கம் திருப்பிவிட்டால் பதற்றம் குறையும்.

ஒரு சிறு அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, குட்டிகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்து வையுங்கள். எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். குள்ள இனங்கள் 2 முதல் 4 வரையும், நடுத்தர, பெரிய இனங்கள் 6 முதல் 10 வரையும் சாதாரணமாகப் போடும். 12 கூட வரலாம். கூண்டின் மற்ற மூலைகளையும், தட்டின் அடியையும், புல் குவியலையும் தேடுங்கள். எதிர்பாராத பிரசவத்தில் கூடு இல்லாததால், தாய் ஓடிக்கொண்டே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டிருக்கும். பூனை, நாய் போல முயல் குட்டியை வாயால் கவ்வித் திரும்பக் கூட்டுக்குக் கொண்டுவராது. கூட்டுக்கு வெளியே கிடக்கும் குட்டி, யாராவது எடுத்து வைக்கும்வரை அங்கேயே கிடக்கும்.

இறந்த குட்டி, நஞ்சுக்கொடித் துண்டு, ரத்தம் ஊறிய புல் எல்லாவற்றையும் அகற்றுங்கள். சுத்தமாக இருக்கும் உரோமத்தை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு ஈடான போர்வை வேறு கிடையாது.

சில்லென்று, அசைவில்லாமல், நீலம் பாய்ந்து கிடக்கும் குட்டியை உடனே ‘இறந்தது’ என்று முடிவு செய்ய வேண்டாம். உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றுங்கள். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி, அதன் அருகே கிடத்தலாம். பாட்டில் நீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெறும் பாட்டில் தோலில் படவும் கூடாது. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பல குட்டிகள் நெளியத் தொடங்கிவிடும். சூடேறிய பிறகும் வாய் திறக்காமல், விறைப்பாகவே இருந்தால் இறந்துவிட்டது என்று கொள்ளலாம். குளிர்ந்த குட்டிக்குப் பால் மட்டும் ஊட்டிவிடாதீர்கள். உடல் குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. விழுங்கும் திறனும் இருக்காது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

கூடு அமைப்பது

தாய் தேர்ந்தெடுத்த இடத்திலேயே பெட்டியை வைப்பது நல்லது. அந்த இடம் ஆணின் கூண்டை ஒட்டியிருந்தாலோ, சிறுநீர் கழிக்கும் மூலையாக இருந்தாலோ மட்டும் மாற்றுங்கள்.

நடுத்தர இன முயலுக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் போதும். குள்ள இனத்துக்கு 35, 25, 25. தாய் உள்ளே திரும்ப முடிய வேண்டும், ஆனால் படுத்து ஓய்வெடுக்க இடம் இருக்கக் கூடாது. பெரிய பெட்டி வைத்தால் குட்டிகள் சிதறிக் குளிர்ந்துபோகும். தாய் அதையே கழிப்பிடமாகவும் ஆக்கிக்கொள்ளும். நுழையும் பக்கத்தில் 12 முதல் 15 செ.மீ. உயரத்துக்குத் தடுப்பு வேண்டும். பால் குடிக்கும்போது காம்பைக் கவ்வியபடியே குட்டி வெளியே இழுத்து வரப்படுவதுண்டு. அந்தத் தடுப்பில் உரசித்தான் அது உள்ளேயே விழும். கையில் பெட்டி இல்லையென்றால் கெட்டியான அட்டைப் பெட்டியை இதே அளவில் வெட்டி இரண்டு மூன்று நாள் சமாளிக்கலாம். ஈரம் ஊறியதும் மாற்றிவிடுங்கள்.

அடியில் 4, 5 செ.மீ. உயரத்துக்குத் தூசி இல்லாத மரச் சீவல். அதன்மேல் மென்மையான உலர் புல்லைப் பெட்டி நிறையத் திணித்து, பின்பக்கமாகக் கை முட்டியால் ஒரு குழி அமுக்குங்கள். குழிக்குள் எடுத்து வைத்த உரோமத்தில் பாதி, அதன்மேல் குட்டிகள், மேலே மீதி உரோமம். தாய் உரோமம் பிடுங்கியிருக்காவிட்டால் அதன் வயிற்றுப் பகுதியில் நீங்களே மெல்ல இழுத்துப் பார்க்கலாம். பிரசவ சமயத்தில் அந்த முடி தளர்ந்திருப்பதால் வலிக்காமல் வரும். மறைந்திருக்கும் காம்புகளும் குட்டிகளுக்குத் தென்படும். போதாவிட்டால் மெல்லிய காகிதக் கைக்குட்டைகளைக் கிழித்துச் சேருங்கள். பஞ்சும் நூல் பிரியும் துணியும் வேண்டாம். நூல் குட்டியின் காலிலோ கழுத்திலோ சுற்றி இறுகிவிடும்.

கூட்டின் உள்ளே 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். வெளியே 18, 20 டிகிரி என்றாலும் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி, உரோமத்துக்குள் புதைந்து கிடந்தால் அந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். ஒன்றோ இரண்டோ குட்டிதான் என்றால் கிடைக்காது. அப்போது பெட்டியின் அடியில் பாதிப் பரப்புக்கு மட்டும் வெப்பத் தகடு வையுங்கள். சூடு அதிகமானால் அவை நகர்ந்துபோக மற்ற பாதி வேண்டும். வெப்பமான காலத்தில் பிரச்சினை தலைகீழாகிறது: குட்டிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, சிவந்த காதுகளோடு மல்லாந்து கிடந்தால் மேலே உள்ள உரோமத்தைக் குறையுங்கள்.

தாயைப் பாருங்கள்

சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் பிரசவம் முடிந்துவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் முக்கிக்கொண்டே இருந்தும் குட்டி வரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல் நாள் லேசாக ரத்தம் கசியலாம். புது ரத்தம் விடாமல் வந்தாலோ, நாற்றமடிக்கும் கசிவு இருந்தாலோ, தாய் சுருண்டு உட்கார்ந்து 12 மணி நேரமாக எதுவும் தின்னாமல் இருந்தாலோ அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

தண்ணீர் உடனே வையுங்கள், கிண்ணத்தில். பால் கொடுக்கும் முயல் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடும். சொட்டுக் குழாயில் மட்டும் அந்த அளவு ஈடாகாது. தாகத்திலும் பதற்றத்திலும் உள்ள தாய், நஞ்சுக்கொடியைத் தின்னும்போது குட்டியையும் கடித்துவிடுவது உண்டு. உலர் புல் எப்போதும் நிறைய இருக்கட்டும். புரதம் 16 முதல் 18 சதவீதம் உள்ள குச்சித் தீவனத்தை மூன்று நான்கு நாளில் படிப்படியாகக் கூட்டி, ஐந்தாம் நாள் முதல் தின்னும் அளவுக்கு விட்டுவிடலாம். முதல் நாளே குவித்துப் போட்டால் செரிமானம் கெடும். குதிரைமசால் உலர்புல் கிடைத்தால் இந்தக் காலத்துக்கு மிகவும் ஏற்றது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இப்போது அவ்வளவு தேவைப்படுகின்றன.

தினம் ஒருமுறை முலைகளைத் தடவிப் பாருங்கள். சூடாக, கெட்டியாக, சிவந்தோ நீலமாகவோ இருந்தால் அது மடிவீக்க நோய். தாயின் உயிருக்கே ஆபத்து. அந்தப் பால் குட்டிகளுக்கும் ஆகாது. இங்கே ஓர் எச்சரிக்கை: வீட்டில் இருக்கும் அமாக்சிசிலின், பெனிசிலின் வகை மாத்திரைகளை முயலுக்கு வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, முயலையே கொன்றுவிடும். மருந்து எதுவானாலும் முயலுக்கு வைத்தியம் செய்து பழகிய மருத்துவர் சொன்னதாக இருக்கட்டும்.

‘தாய் குட்டிகள் பக்கமே போகவில்லையே!’

போகாது. அதுதான் இயல்பு. முயல் ஒரு நாளில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, அதுவும் இரவிலோ விடியலிலோ வந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். குட்டிகளின்மேல் படுத்து அடைகாக்கும் பழக்கம் கிடையாது. திறந்த நிலத்தில் வாழும் விலங்கு கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தால், வேட்டை விலங்குக்கு வழி காட்டியதாக ஆகிவிடும். அந்தச் சில நிமிடத்தில் குட்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பால் குடிக்கிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீத அளவு என்றால், முயல் பாலில் அது ஏறத்தாழ 12 சதவீதம். ஒரு வேளை குடித்தால் ஒரு நாளைக்குத் தாங்குவது அதனால்தான்.

ஆகவே தாயைக் கண்காணித்துப் பயனில்லை. குட்டியின் வயிற்றைப் பாருங்கள். காலையில் எடுத்துப் பார்த்தால் பால் குடித்த குட்டி உருண்டையாக இருக்கும். மெல்லிய தோலுக்கு உள்ளே வெள்ளையாகப் பால் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, கையில் எடுத்ததும் வாயைத் தூக்கித் தூக்கித் தேடும். பிறந்து முதல் 24 மணி நேரம் பால் இல்லாமல் இருந்தாலும் தாங்கும். 48 மணி நேரத்தைக் கடக்கவிடக் கூடாது.

கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் வேலை எளிது. பிறக்கும்போது குள்ள இனக் குட்டி 30 முதல் 40 கிராம், நடுத்தர இனம் 50, 60 கிராம், பெரிய இனம் 70, 80 கிராம் இருக்கும். ஒரு வாரத்தில் இந்த எடை இரு மடங்காக வேண்டும். ஒரே நேரத்தில் தினமும் எடை போட்டுக் குறியுங்கள். அடையாளத்துக்குக் காதுக்குள் நச்சில்லாத பேனாவால் ஒரு புள்ளி போதும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் கவனிக்க வேண்டும். இரண்டு நாள் ஏறாவிட்டால் நீங்கள் உதவ வேண்டும்.

ஈற்றில் ஒரு குட்டி மட்டும் மற்றவற்றில் பாதி அளவில், தலை பெரிதாக, பின்பகுதி ஒடுங்கிப் பிறந்திருந்தால் அது குள்ள இனங்களில் வரும் மரபுக் குறைபாடாக இருக்கலாம். குள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த குட்டி பிழைப்பதில்லை. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில நாளில் போய்விடும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

பால் கொடுக்காவிட்டால்

நேராகச் சிரிஞ்சை எடுக்காதீர்கள். கையால் ஊட்டி வளர்க்கும் முயல் குட்டிகளில் நிறைய இறந்துபோகின்றன. தாயின் பாலில் இருந்து கிடைக்கும் நோய்த் தடுப்பையும் குடல் பாதுகாப்பையும் எந்தத் தூளாலும் தர முடியாது. முதலில் தாயைக் கொண்டே கொடுக்க வைக்கப் பாருங்கள்.

அமைதியான அறை. தரையில் துண்டு. பெட்டிக்குள் குட்டிகளின் மேல் தாயை நிறுத்தி, ஒரு கையைத் தோளின்மேல் லேசாக வைத்து, மறுகையால் நெற்றியைத் தடவிக்கொண்டிருங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம், காலையும் மாலையும். மல்லாக்கப் படுக்க வைத்துக் குட்டியைக் காம்பில் வைப்பது கடைசி வழி. முயல் திமிறினால் முதுகெலும்பே முறியலாம். முதல் ஈற்றுத் தாய்களில் பல, இப்படி இரண்டு மூன்று நாள் செய்ததும் தானாகக் கொடுக்கத் தொடங்கிவிடும். அதே வயதில், அதாவது இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள், குட்டி போட்ட வேறு தாய் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கூட்டு உரோமத்தில் புது குட்டிகளைப் புரட்டி நடுவில் வைத்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். காம்புகள் எட்டோ பத்தோதான் இருக்கும் என்பதால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துச் சேருங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் பூனைக் குட்டிகளுக்கான பால்மாற்றுத் தூளைக் கரைத்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். பசும்பால் வேண்டாம். ஒரு குட்டிக்கு ஒரு நாளைய மொத்த அளவு, இரண்டு வேளையாகப் பிரித்து: பிறந்த முதல் நாட்களில் 5 மி.லி., ஒரு வார வயதில் 12 முதல் 15 மி.லி., இரண்டு வாரத்தில் 25 மி.லி., மூன்று வாரத்தில் 30 மி.லி. இது நடுத்தர இனத்துக்கான கணக்கு. குள்ள இனத்துக்கு இன்னும் குறையும். 1 மி.லி. சிரிஞ்சில், குட்டியை நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். அது நக்கி விழுங்கட்டும். மூக்கில் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். அவசரமாகத் தள்ளிய பால் நுரையீரலுக்குப் போவதுதான் கைவளர்ப்பில் அதிகம் நடக்கும் விபத்து. ஊட்டிய பின், கண் திறக்கும்வரை, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் பிறப்புறுப்புப் பகுதியை ஒரு நிமிடம் வருடிவிட வேண்டும். தாய் நக்கும்போதுதான் சிறுநீர் வரும். நீங்கள் வருடாவிட்டால் பை நிறைந்து துன்பப்படும்.

இப்போது கணக்குப் போடலாம்

முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். அரிதாக 28, அரிதாக 35. குட்டி பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சேர்க்கை நடந்த நாள் கிடைத்துவிடும். ஜூன் 30இல் குட்டி பிறந்திருந்தால், மே 29 முதல் 31 வரை என்ன நடந்தது என்று யோசியுங்கள். வெளி வரம்பு மே 26 முதல் ஜூன் 2 வரை. அந்த நாட்களில் கூண்டு கழுவினீர்களா, வேறு யாராவது பார்த்துக்கொண்டார்களா, இரண்டையும் ஒரே இடத்தில் உலாவ விட்டீர்களா? சேர்க்கைக்குச் சில நொடிகள் போதும். கதவைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் முடிந்திருக்கும்.

அந்தத் தேதியில் முயல் உங்களிடம் இல்லை என்றால், அது சினையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கி 28 நாளுக்குள் குட்டி போட்ட முயலுக்கு இதைத் தவிர வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. விற்கும் இடங்களில் மூன்று நான்கு மாதக் குட்டிகளை ஆணும் பெண்ணுமாக ஒரே கூண்டில் அடைத்திருப்பார்கள். அந்த வயதிலேயே சிறிய இனங்கள் சினைப்பட்டுவிடும். 35 நாளுக்கு மேல் ஆகியிருந்தால், ‘எப்போதோ சேர்ந்த விந்து உள்ளே தங்கியிருந்தது’ என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள். முயலின் உடலில் விந்தணு மாதக்கணக்கில் உயிரோடு இருக்காது. ஆண் உலாவிய இடத்தில் பிறகு பெண்ணை விட்டதால், அதன் சிறுநீர் பட்டதால் சினையானது என்பதும் அப்படித்தான்.

மிச்சம் இருப்பவை நான்கு: பாலினம் தவறாகப் பார்த்தது, கம்பி வழியே சேர்ந்தது, தடுப்பைத் தாண்டியது, கருத்தடைக்குப் பின் காத்திருக்காதது. இவற்றில் முதலாவது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

*பாலினம் மறுபடி பார்ப்பது.* மடியில் முயலை, முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டி, பின்பகுதிக்குக் கை கொடுத்து உட்கார வைத்துப் பிடியுங்கள். இருவர் இருந்தால் நல்லது. கட்டைவிரலால் பிறப்புறுப்பின் மேல்பக்கம் லேசாக வயிற்றை நோக்கி அழுத்துங்கள். ஆணுக்கு, வட்டமான துளையோடு சிறு குழாய் போல நிமிர்ந்து வரும். பெண்ணுக்கு, நீளவாக்கில் ஒரு பிளவு ஆசனவாய்ப் பக்கம் வரை இறங்கித் தெரியும். ஆணில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைவெளி அதிகம். விதைகள் 10 முதல் 12 வாரத்தில் இறங்கி, இருபுறமும் நீளமான, முடி குறைந்த பைகளாகத் தெரியும். ஆனால் முயலுக்கு விதை இறங்கும் பாதை ஆயுள் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பயந்தாலோ குளிர்ந்தாலோ விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். ‘விதை தெரியவில்லை, அதனால் பெண்’ என்று முடிவு கட்டியவர்கள்தான் இந்த நிலைமைக்கு அதிகம் ஆளாகிறார்கள். எல்லா முயலையும் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

*கம்பியும் தடுப்பும்.* ஒற்றைக் கம்பி வலையின் இருபுறமும் ஆணும் பெண்ணும் இருந்தால் அதைத் ‘தனி’ என்று எண்ண வேண்டாம். பெண் பின்பகுதியை வலையோடு ஒட்டித் தூக்கிக் கொடுத்தால் கண்ணி வழியே சேர்க்கை நடக்கும். ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் இரண்டு வலைகளுக்கு நடுவே 15 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். இல்லையென்றால் தரையிலிருந்து அரை மீட்டர் வரை பலகை அடியுங்கள். 60 செ.மீ. உயரத் தடுப்பைப் பல முயல்கள் எளிதாகத் தாண்டும். ஒரு மீட்டர் வையுங்கள், பக்கத்தில் ஏறி நிற்க உதவும் பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. மண் தரையில் ஓட விட்டால் வலையைத் தரைக்குள்ளும் இறக்க வேண்டும். கதவுக் கொக்கியை மூக்கால் தூக்கித் திறக்கும் முயல்கள் உண்டு. திருகிப் பூட்டும் கொக்கி போடுங்கள். மாடிக் கூண்டில் மேல் தட்டு பெண்ணுக்கு, கீழ்த் தட்டு ஆணுக்கு என்று பிரித்திருந்தால், நடுவில் உள்ள கழிவுத் தட்டை இழுக்கும்போது திறக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். யாரும் பார்க்காத வழி அதுதான்.

ஆண் பிரசவத்துக்குப் பின்னும் கூடவே இருந்திருந்தால்

அடுத்த சினையை உறுதி என்றே வைத்துக்கொண்டு நாள்காட்டியில் இரண்டு குறி போடுங்கள்: பிரசவ நாளிலிருந்து 28, கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து 35. முதல் குறிக்கு முன் புதுக் கூட்டுப் பெட்டி உள்ளே இருக்க வேண்டும், மூத்த குட்டிகள் வெளியே வந்திருக்க வேண்டும். அப்போது அவற்றுக்கு நான்கு வாரம்தான் ஆகியிருக்கும். புல்லும் குச்சித் தீவனமும் தின்னப் பழகியிருந்தால் சமாளித்துவிடும். பழகிய மருத்துவர் 10 முதல் 14 நாளில் வயிற்றைத் தடவியோ, ஸ்கேன் எடுத்தோ சினையை உறுதி செய்வார். சினையைத் தொடரவிடுவதா, அறுவையில் கருப்பையை நீக்குவதா என்று அப்போது பேசலாம். நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள், கருவுக்கும் தாய்க்கும் கேடு. 16 முதல் 18 நாளில் உரோமம் பிடுங்கிக் கூடு கட்டி, பிறகு ஒன்றும் நடக்காமல் விட்டால் அது பொய்ச் சினை. அதற்காகக் குறித்த தேதியை அழித்துவிட வேண்டாம். 35ஆம் நாள் வரை காத்திருங்கள்.

இரண்டாவது வாரம் முதல்

நான்கைந்து நாளில் மெல்லிய முடி தெரியும், ஒரு வாரத்தில் உடல் மூடிவிடும். 10 முதல் 12 நாளில் கண் திறக்கும். 12ஆம் நாளும் மூடியிருந்தால், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றித் துடையுங்கள். சீழ் தெரிந்தால் மருத்துவர் பார்க்கட்டும். விட்டுவிட்டால் அந்தக் கண் கெட்டுவிடும். இந்தக் கட்டத்தில் கூட்டின் அடிப்பகுதி ஈரமாகியிருக்கும். முழுதாக மாற்றி, மேலே பழைய உரோமத்தில் கொஞ்சம் போடுங்கள்.

இரண்டரை, மூன்று வாரத்தில் வெளியே வரும். வழுக்கும் தரையில் கால்கள் பக்கவாட்டில் விரிந்து நிரந்தரமாக அப்படியே நின்றுவிடும். பிடிப்புள்ள விரிப்பு போடுங்கள். தாயின் பால் இந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு குறையும். தாய்க்குப் போடும் புல்லையும் தீவனத்தையும் குட்டிகளும் கொறிக்கத் தொடங்கும். தாயின் மென் புழுக்கையைத் தின்பதைத் தடுக்காதீர்கள்; குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அதிலிருந்து வருகின்றன.

நான்கு முதல் எட்டு வாரம் வரையான காலம்தான் குட்டிகள் அதிகம் இறக்கும் இரண்டாவது கட்டம். பாலிலிருந்து புல்லுக்கு மாறும் குடல் எளிதில் சாயும். தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். பச்சைக் கீரை, பழம், இனிப்பு எதுவும் வேண்டாம். கீரையை எட்டு வாரத்துக்குப் பின் விரல் அளவிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் போன்ற கழிச்சலோ, சளி கலந்த புழுக்கையோ, உப்பிய வயிறோ தெரிந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி எச்சம் வழியே பரவுவதால், இந்த வாரங்களில் தரையைத் தினமும் உலர்வாகச் சுத்தம் செய்வது மருந்தைவிடப் பெரிய உதவி.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் மறக்கச் செய்யலாம். ஒரே நாளில் எல்லாக் குட்டிகளையும் எடுத்துவிட்டால் தாயின் மடி கட்டிக்கொள்ளும். பெரியவற்றை முதலில், சிறியவற்றைச் சில நாள் கழித்து எடுங்கள். தாயின் பால் முழுதாக வற்றிச் சில வாரம் ஆன பின் அதற்குக் கருப்பை நீக்கும் அறுவை செய்துவிடுவது நல்லது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதானால் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம். ஆணுக்கான அறுவையை இதற்காகக் காத்திருக்காமல் இப்போதே செய்துவிடலாம். அதற்குப் பின் 6 வாரம் அது தனி அறையிலேயே இருக்கட்டும்.

எட்டாவது வாரத்தில் எல்லாக் குட்டிகளின் பாலினத்தையும் பாருங்கள், பத்தாவது வாரம் முடிவதற்குள் ஆண்களைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிடுங்கள். தாய், உடன்பிறப்பு என்ற வேறுபாடு முயலுக்கு இல்லை. பன்னிரண்டாவது வாரத்தில் ‘பெண்கள்’ கூண்டை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். எட்டாவது வாரத்தில் பெண் என்று எழுதிய ஒன்று அதில் ஆணாக நின்றால், அதோடு இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரித்த நாளிலிருந்து 35 நாள் எண்ணத் தொடங்குங்கள்.